ஈராக் தினாரின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டை அந்நியப் படை பிடித்துக்கொண்டால் அந்த நாட்டுப் பணம் என்ன ஆகும்? இதை விளங்கிக்கொள்ள ஈராக்கைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஒரே நூற்றாண்டுக்குள் இரண்டு முறை, இரண்டு வல்லரசுகள் வந்து அங்கே பணத்தைத் திருத்தி எழுதின. முதல் முறை பிரிட்டன், இரண்டாம் முறை அமெரிக்கா. நடுவில் ஈராக்கே இன்னொரு நாட்டைப் பிடித்து அதன் பணத்தை ஒழித்துக்கட்டப் பார்த்தது. நோட்டில் யார் முகம் இருக்கிறது என்பதை விட, அந்த நோட்டுக்குப் பின்னால் இருக்கும் கையிருப்பு எந்த ஊரில் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.

ஈராக்கில் ஒரு காலத்தில் இந்திய ரூபாய்தான் ஓடியதாமே, உண்மையா?

உண்மைதான். முதல் உலகப் போர் தொடங்கியபோது ஈராக் என்று ஒரு நாடு கிடையாது. பாக்தாத், பஸ்ரா, மோசுல் மூன்றும் துருக்கியரின் ஓட்டோமான் பேரரசின் மாகாணங்கள். புழக்கத்தில் இருந்தது ஓட்டோமான் லிரா. 1914 நவம்பரில் பிரிட்டிஷ் படை பஸ்ராவைப் பிடித்தது. பிரிட்டிஷ் படை என்று பெயர்தானே தவிர, வந்து இறங்கியதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படை. சிப்பாய்க்குச் சம்பளம் ரூபாயில். ஆட்டுக்கும் கோதுமைக்கும் படகுக்கூலிக்கும் அவர்கள் கொடுத்ததும் ரூபாய். 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்தபோது ரூபாயும் பின்னாலேயே போனது.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. படை எந்தப் பணத்தில் செலவு செய்கிறதோ, கடைக்காரர் அந்தப் பணத்தை வாங்கப் பழகிக்கொள்கிறார். அப்புறம் வரியும் அதிலேயே வசூலாகிறது. வரி ரூபாயில் என்று ஆகிவிட்டால் கதை முடிந்தது, எல்லாருக்கும் ரூபாய் வேண்டும். 1921இல் பிரிட்டனின் ஆதரவோடு ஃபைசல் ஈராக்கின் அரசரானார், கொடி வந்தது, அமைச்சரவை வந்தது; கல்லாப்பெட்டியில் மட்டும் ரூபாய்தான் இருந்தது. 1932 வரை இப்படித்தான் ஓடியது.

தினார் எப்படி வந்தது? 13⅓ ரூபாய்க்கு ஒரு தினார் என்று ஏன் வைத்தார்கள்?

1931இல் நாணயச் சட்டம், 1932 ஏப்ரலில் தினார். அதே ஆண்டு அக்டோபரில் ஈராக் சர்வதேச சங்கத்தில் உறுப்பினராகி, காகிதத்தில் சுதந்திர நாடானது. ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ்.

அந்தப் பின்ன எண்ணைப் பார்த்தால் ஏதோ பேரம் பேசி வந்த எண் போலத் தெரியும். உண்மையில் வெறும் வகுத்தல் கணக்கு. ஒரு தினார் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம் என்று வைத்தார்கள். அந்தக் காலப் பவுண்டுக்கு 20 ஷில்லிங், அதாவது 240 பென்ஸ். ஒரு ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். 240ஐ 18ஆல் வகுத்தால் 13⅓. ஒரு ரூபாய் கொண்டுவந்தவருக்கு 75 ஃபில்ஸ் கிடைத்தது.

இதே எண் 1961இல் குவைத்தில் மறுபடி தலைகாட்டியது. வளைகுடா நாடுகள் பலவற்றில் அதுவரை ரூபாய்தான் புழங்கியது. அதைச் சாக்காக வைத்துத் தங்கக் கடத்தல் நடந்ததால், 1959இல் இந்தியாவுக்குள் செல்லாத, வளைகுடாவுக்கென்றே ஆன தனி ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. குவைத் தினார் வந்தபோது அந்த வளைகுடா ரூபாய் 13⅓ கொடுத்தால் ஒரு குவைத் தினார். அங்கே ஏற்கெனவே போய் வேலை பார்த்த நம்மூர்க்காரர்கள் சம்பளம் வாங்கியதும் முதலில் அந்த ரூபாயில்தான்.

அந்தத் தினாரை வெளியிட்டது எந்த வங்கி?

எந்த வங்கியும் இல்லை. ஈராக் நாணய வாரியம் என்று ஒன்று வெளியிட்டது. அது உட்கார்ந்திருந்த இடம் பாக்தாத் இல்லை, லண்டன்.

நாணய வாரியத்துக்கும் மத்திய வங்கிக்கும் என்ன வித்தியாசம்?

நாணய வாரியம் ஒரு பணம் மாற்றும் கவுண்டர் மாதிரி. ஒரு பவுண்டு கொடுத்தால் ஒரு தினார் தரும். தினாரைத் திருப்பிக் கொடுத்தால் பவுண்டைத் தந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. வெளியே இருக்கும் தினார் ஒவ்வொன்றுக்கும் ஈடாகப் பவுண்டு மதிப்புள்ள சொத்து லண்டனில் இருக்கவேண்டும். அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்காது. நெருக்கடியில் மாட்டிய வங்கியைக் காப்பாற்றாது. விளைச்சல் பொய்த்த வருஷத்தில் கொஞ்சம் கையைத் தளர்த்துவோம் என்று யோசிக்காது. யோசிக்கவே அதற்கு அதிகாரம் கிடையாது.

மத்திய வங்கி என்றால் யோசிக்கும். வட்டி விகிதம் பார்க்கும், வங்கிகளைக் கண்காணிக்கும், தேவைப்பட்டால் கூடுதலாகப் பணத்தை விடும். தப்பும் செய்யும். பெரிய தப்பாகச் செய்யும் என்பதற்கும் ஈராக்கிலேயே சாட்சி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நியாயமாகச் சொன்னால் வாரியத்துக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. தினார் உறுதியாக நின்றது. அரசர் நினைத்தபடி அச்சடிக்க வழியில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஈராக்கின் சேமிப்பு பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசுப் பத்திரங்களாக லண்டனில் கிடந்தது. அதாவது ஏழை நாடு பணக்கார நாட்டுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1941இல் பிரிட்டனை எதிர்த்த ஈராக் அரசியல்வாதி ரஷீத் அலி ஆட்சியைப் பிடித்தார். பிரிட்டன் மறுபடி படையெடுத்து அவரை விரட்டியது. அதன்பின் நேச நாட்டுப் படைகள் ஈராக்கில் வாங்கியதற்கெல்லாம் பவுண்டு லண்டனில் வரவு வைக்கப்பட்டது, அதற்கு ஈடாகத் தினார் ஈராக்கில் புழக்கத்துக்கு வந்தது. சரக்கு படைக்குப் போனது, நோட்டு மக்களிடம் குவிந்தது, விலைவாசி பல மடங்கு ஏறியது. விதி ஒன்றையும் வாரியம் மீறவில்லை. நூற்றுக்கு நூறு ஈடு இருந்தது. ஈடு இருந்தாலும் பணவீக்கம் வரும் என்று அந்த ஊர் சாமானியன் அப்போதே தெரிந்துகொண்டான். போர் முடிந்த பின்னும் லண்டனில் சேர்ந்த பவுண்டை இஷ்டப்படி எடுத்து டாலராக மாற்ற முடியவில்லை. இந்தியாவுக்கும் அதே நிலைமைதான்.

சொந்த மத்திய வங்கி எப்போது வந்தது?

படிப்படியாக. 1941இல் ரஃபிதைன் வங்கி, அரசாங்கத்தின் வணிக வங்கி. 1947இல் ஈராக் தேசிய வங்கிக்குச் சட்டம். 1949இல் நோட்டு வெளியிடும் பொறுப்பு லண்டன் வாரியத்திடமிருந்து அதற்கு வந்தது. 1956இல் அதன் பெயர் ஈராக் மத்திய வங்கி. 1958இல் அரச குடும்பத்தைக் கொன்று புரட்சி நடந்தது. 1959இல் ஈராக் ஸ்டெர்லிங் வட்டாரத்தை, அதாவது பிரிட்டிஷ் பவுண்டைச் சார்ந்திருந்த நாடுகளின் கூட்டத்தை, விட்டு வெளியேறியது. 1964இல் வங்கிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கிவிட்டார்கள்.

பழைய நோட்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1939இல் மூன்று வயதில் அரசரான இரண்டாம் ஃபைசலின் குழந்தை முகம் போட்ட தினார் நோட்டுகள் உண்டு.

ஒரு தினாருக்கு மூன்று டாலர் கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

அரசாங்கம் சொன்ன விலைப்படி, ஆமாம். 1949இல் பவுண்டின் மதிப்பை 2.80 டாலராகக் குறைத்தார்கள். பவுண்டோடு கட்டப்பட்டிருந்த தினாரும் கூடவே இறங்கியது. 1959இல் தினாரை டாலரோடு கட்டியபோது அதே 2.80தான். 1971லும் 1973லும் டாலர் மதிப்பிழந்தபோது ஈராக் அதோடு சேர்ந்து தினாரை இறக்கவில்லை. எண்ணெய்ப் பணம் கையில் இருந்தது. இப்படித்தான் தினார் 3 டாலரைத் தாண்டியது. ஈரானோடு எட்டு வருஷம் போர் நடத்திய பிறகும் பலகையில் எழுதிய விலை 3.20 டாலர் சுமாரில் அப்படியே நின்றது. கள்ளச் சந்தையில் கேட்டால் வேறு பதில் வரும். ஆகவே அந்த மூன்று டாலர் கதையைக் கேட்டு யாரும் மயங்கவேண்டாம்.

குவைத்தில் ஈராக் செய்தது என்ன?

1990 ஆகஸ்ட் 2இல் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. குவைத் தினார் அப்போது சந்தையில் ஈராக் தினாரைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. இரண்டும் சமம் என்று பாக்தாத் அறிவித்தது. கொஞ்ச நாளில் குவைத் தினாரே செல்லாது, ஈராக் தினார் மட்டுமே என்றாக்கியது. குவைத் மத்திய வங்கியிலிருந்து தங்கக் கட்டிகளும் வெளியிடாமல் வைத்திருந்த நோட்டுக் கட்டுகளும் பாக்தாத்துக்குப் போயின. வாழ்நாள் சேமிப்பைக் குவைத் தினாரில் வைத்திருந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இந்தியாவிலிருந்து போனவர்கள் மட்டும் லட்சத்துக்கு மேல்.

1991 பிப்ரவரியில் குவைத் விடுதலையானதும் மார்ச்சிலேயே புது நோட்டு வெளியிட்டார்கள். களவுபோன கட்டுகளின் வரிசை எண்கள் செல்லாது. மற்ற பழைய நோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. தங்கம் ஐ.நா. வழியாகத் திரும்பியது. நோட்டுதான் போனது, வெளிநாட்டில் இருந்த முதலீடு போகவில்லை. அதனால் குவைத் தினார் எழுந்து நின்றுவிட்டது.

"சுவிஸ் தினார்" என்கிறார்களே, அது சுவிட்சர்லாந்துப் பணமா?

இல்லை. போருக்கு முன் வந்த நல்ல தரமான பழைய ஈராக் நோட்டுக்கு மக்கள் வைத்த பட்டப் பெயர். அச்சுத் தகடு சுவிட்சர்லாந்தில் செய்தது என்று பேச்சு, அச்சடித்தது இங்கிலாந்தில். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1990 ஆகஸ்டில் ஐ.நா. பொருளாதாரத் தடை விழுந்ததும் வெளியிலிருந்து நோட்டு வருவது நின்றது. சதாம் அரசு உள்ளூரிலேயே மட்டமான காகிதத்தில், சதாம் படம் போட்டு அச்சடிக்கத் தொடங்கியது. எண்ணெய் விற்க முடியாது, வரியும் இல்லை, ஆனால் சம்பளம் கொடுக்கவேண்டும். ஆகவே அச்சு எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. 1995 முடிவில் ஒரு டாலருக்கு 3,000 தினார் அளவுக்குப் போனது. தனக்கென்று மத்திய வங்கி வைத்துக்கொண்ட நாடு எவ்வளவு பெரிய தப்புச் செய்யமுடியும் என்று முன்னே சொன்னேனே, அது இதுதான்.

1993 மே மாதம் சதாம் அரசு திடீரென்று பழைய 25 தினார் நோட்டு செல்லாது, மாற்றிக்கொள்ள மூன்று வாரம் என்றது. எல்லையையும் மூடியது. வடக்கே குர்து மக்களின் பகுதி 1991க்குப் பின் பாக்தாத்தின் பிடியில் இல்லை. அவர்களால் போய் மாற்ற முடியவில்லை. சட்டப்படி அவர்கள் கையில் இருந்தது வெறும் காகிதம்.

ஆனால் அவர்கள் அதையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள். வெளியிட்ட அரசே கைவிட்ட நோட்டு. பின்னால் எந்த வங்கியும் இல்லை, எந்தக் கையிருப்பும் இல்லை. கிழிந்ததை ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். புதிதாக ஒருவராலும் அச்சடிக்க முடியாது என்பதே அதன் பலமாகிவிட்டது. தெற்கே சதாம் தினார் கரையக் கரைய, வடக்கே அநாதை நோட்டு மதிப்பேறியது. பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அப்போதைய கவர்னர் மெர்வின் கிங் 2004இல் ஓர் உரையில் இதை எடுத்துப் பேசினார். சதாம் விழப்போகிறார் என்ற பேச்சு வலுக்க வலுக்க சுவிஸ் தினார் ஏறியது. வரப்போகிற அரசு இந்த நோட்டை மதிக்கும் என்று மக்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பவில்லை.

2003இல் மத்திய வங்கிக்கு என்ன நடந்தது?

மார்ச் 18, அமெரிக்கக் குண்டு விழத் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, சதாமின் மகன் குசே ஆட்களோடு மத்திய வங்கிக்கு வந்து சுமார் 100 கோடி டாலர் ரொக்கத்தை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனதாகச் செய்திகள் வந்தன. கையில் இருந்தது சதாமின் உத்தரவுக் கடிதம். அதில் பெரும் பகுதியைப் பின்னர் அமெரிக்கப் படை பாக்தாத்தில் கண்டெடுத்தது. ஏப்ரலில் நகரம் விழுந்ததும் வங்கிக் கட்டடம் சூறையாடப்பட்டு எரிந்தது. பாதாளப் பெட்டக அறைகளில் தண்ணீர் நிரம்பி நின்றது. இறைத்துப் பார்த்தபோது நிம்ருத் நகரத்தில் தோண்டியெடுத்த பழங்கால அசீரிய அரசிகளின் தங்க நகைகள் பத்திரமாக இருந்தன. பணம் போனது, நகை தப்பியது.

அமெரிக்கர்கள் டாலரையே வைத்துவிட்டுப் போயிருக்கலாமே?

முதல் சில வாரம் ஏறக்குறைய அப்படித்தான். அமெரிக்க வங்கிகளில் முடக்கி வைத்திருந்த ஈராக்கின் பணம் 170 கோடி டாலரைக் கையகப்படுத்தி, அதிலிருந்து சின்ன நோட்டுகளாக பாக்தாத்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் முதலில் கிடைத்தது அந்த டாலர்தான்.

நிரந்தரமாக டாலரை வைத்தால், வந்தவன் நம் பணத்தையும் பிடுங்கிவிட்டான் என்ற பேச்சு வரும். பழையபடி ரூபாய் கதையாகிவிடும். ஆகவே தினார் தொடரட்டும் என்று முடிவு. அதில் ஒரு சங்கடம்: கையில் இருந்த தகடு எல்லாம் சதாம் முகம். சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, சதாமைத் தேடிக்கொண்டே இருந்த அமெரிக்க நிர்வாகம் 2003 கோடையில் சதாம் முகம் போட்ட 250 தினார் நோட்டையே மறுபடி அச்சடித்தது. வேறு வழியில்லை. 10,000 தினார் நோட்டு இருந்தது. ஆனால் அது கொள்ளைபோன நோட்டாக இருக்குமோ, கள்ள நோட்டோ என்று பயந்து கடைக்காரர்கள் முகமதிப்பில் வாங்க மறுத்தார்கள்.

புது நோட்டு எப்படி மாற்றினார்கள்?

அமெரிக்கா நடத்திய ஆக்கிரமிப்பு நிர்வாகமான கூட்டணித் தற்காலிக ஆணையத்தின் தலைவர் பால் பிரெமர் 2003 ஜூலையில் அறிவித்தார். அக்டோபர் 15 முதல் 2004 ஜனவரி 15 வரை மூன்று மாதம். அச்சடித்த ஒப்பந்தம் பிரிட்டனின் டி லா ரூ நிறுவனத்துக்கு. 27 போயிங் 747 விமானங்களில் நோட்டு வந்து இறங்கியது. சதாம் தினார் ஒன்றுக்கு ஒரு புதுத் தினார். சுவிஸ் தினார் ஒன்றுக்கு 150 புதுத் தினார். வாங்கிய பழைய நோட்டைச் சாயத்தில் முக்கிச் செல்லாததாக்கி அழித்தார்கள். படங்கள் பெரும்பாலும் பழைய சுவிஸ் தினாரிலிருந்து எடுத்தவை, சதாம் எங்கும் இல்லை.

ஆக்கிரமிப்பு நிர்வாகம் செய்ததில் உருப்படியாக நடந்தவை எவை என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். யாருடைய சேமிப்பையும் வெட்டவில்லை. யாரிடமும் கணக்குக் கேட்டு மிரட்டவில்லை. பத்து வருஷமாக இரண்டாகப் பிரிந்திருந்த பணம் ஒன்றானது.

வந்த படை மத்திய வங்கிச் சட்டத்தை எழுதலாமா?

1907 ஹேக் விதிகள், ஆக்கிரமித்தவர் முடிந்தவரை அந்த நாட்டில் இருக்கும் சட்டத்தையே மதித்து நடக்கவேண்டும் என்கின்றன. அதன்படி பார்த்தால் இடிக்கும். ஆனால் 2003 மே மாத ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானம் 1483 அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்று ஏற்று, பொருளாதாரத்தைச் சீர்படுத்தும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தத் தீர்மானத்தைக் காட்டித்தான் வேலை நடந்தது. அது போதுமா என்று சட்டம் படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

2004 மார்ச்சில் பிரெமரின் 56ஆம் உத்தரவாக மத்திய வங்கிச் சட்டம் வந்தது. முக்கியமான ஷரத்து ஒன்று: மத்திய வங்கி அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுக்கக் கூடாது. சதாம் காலத்து அச்சு எந்திரத்துக்குப் போட்ட பூட்டு இது. 1932இன் லண்டன் வாரியமும் இதே பூட்டைத்தான் வேறு சாவியால் போட்டிருந்தது.

ரொக்கக் கட்டுகளாக டாலர் போனதே, அது யார் பணம்?

ஈராக்கின் பணம். இதைப் பலர் அமெரிக்க உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்மானம் 1483இன்படி எண்ணெய் விற்ற பணத்தில் 95 சதவீதம் ஈராக் வளர்ச்சி நிதியில் சேரும். மீதி 5 சதவீதம் குவைத் போர் இழப்பீட்டுக்கு. அந்த நிதியின் கணக்கு நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் நியூயார்க் பிரிவு) இருந்தது. அங்கிருந்து 2003 மே முதல் 2004 ஜூன் வரை சுமார் 1,200 கோடி டாலர் ரொக்கமாக, பிளாஸ்டிக் சுற்றிய கட்டுகளாக மரப்பலகைகளில் அடுக்கி பாக்தாத்துக்குப் பறந்தது. எடை 363 டன். ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரே நாளில் 240 கோடி டாலர் போனது.

ஈராக் அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலருக்குச் சரியான கணக்கு வழக்கு இல்லை என்று அமெரிக்காவின் சொந்தத் தணிக்கை அலுவலகமே 2005இல் எழுதியது. போர் நடக்கும் ஊரில் மேல்நாட்டுக் கணக்கு முறையை எதிர்பார்ப்பது நடக்காத காரியம் என்று பிரெமர் பதில் சொன்னார். ரூபாய் அணாவுக்குக் கணக்குக் கேட்கும் நம்மூர் தணிக்கையாளரிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

அந்த நியூயார்க் கணக்கு இப்போதும் இருக்கிறதா?

வளர்ச்சி நிதியின் ஐ.நா. ஏற்பாடு 2011 ஜூன் மாதத்தோடு முடிந்தது. குவைத்துக்கான இழப்பீடு, மொத்தம் 5,240 கோடி டாலர், 2022இல்தான் தீர்ந்தது. ஆனால் எண்ணெய் வருமானம் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் ஈராக் மத்திய வங்கியின் கணக்குக்குப் போகும் வழக்கம் நிற்கவில்லை. இதற்கு ஈராக் பக்கத்தில் காரணம் உண்டு: ஈராக்குக்கு முன்பு கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டு அந்தப் பணத்தைப் பிடிக்காமல் இருக்க 2003இல் அமெரிக்க அதிபர் போட்ட பாதுகாப்பு உத்தரவு வருஷா வருஷம் நீட்டிக்கப்பட்டு வந்தது.

பாதுகாப்பு என்றால் பிடியும்தான். 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை பாக்தாத்தில் அமெரிக்கா கொன்றதும், அமெரிக்கப் படை வெளியேறவேண்டும் என்று ஈராக் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அப்படி வெளியேற்றினால் நியூயார்க் கணக்கைத் தொட முடியாமல் போகலாம் என்று வாஷிங்டன் எச்சரித்ததாகச் செய்தி வந்தது. அப்போது படை போகவில்லை.

"டாலர் ஏலம்" என்பது என்ன?

2003 அக்டோபரில் மத்திய வங்கி தொடங்கிய ஏற்பாடு. நாட்டுக்கு டாலர் வருவது பெரும்பாலும் அரசாங்கம் எண்ணெய் விற்பதால்தான். அரசுக்கு வேண்டியதோ சம்பளம் கொடுக்கத் தினார். ஆகவே அரசு டாலரை மத்திய வங்கிக்குக் கொடுத்துத் தினார் வாங்கும். மத்திய வங்கி அந்த டாலரைத் தினமும் வங்கிகளுக்கு விற்றது. இறக்குமதியாளர் அங்கே வாங்கினார். தினாரின் விலையை நிலைநிறுத்தியது இந்த ஜன்னல்தான்.

இதில் ஓட்டையும் பெரிது. அரசு விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி இருந்தால், பொய்யான இறக்குமதி ரசீதைக் காட்டி டாலர் வாங்கி வெளியே விற்றாலே லாபம். ஒரு கடையும் ஒரு தொழிலும் இல்லாமல், டாலர் வாங்க மட்டுமே வங்கி நடத்தியவர்கள் உண்டு. அந்த டாலர் ஈரானுக்கும் சிரியாவுக்கும் போகிறது என்று அமெரிக்கா சொல்லிக்கொண்டிருந்தது. 2022 நவம்பரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் துருவிப் பார்க்கத் தொடங்கியதும் டாலருக்குத் தட்டுப்பாடு; பாக்தாத் கடைத்தெருவில் ஒரு டாலர் 1,600 தினாரைத் தாண்டியது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், மத்திய வங்கியின் கவர்னர் மாற்றப்பட்டார், 2023 பிப்ரவரியில் அதிகாரப்பூர்வ விலையை 1,460இலிருந்து 1,300ஆக மாற்றினார்கள். அதே ஆண்டு ஜூலையில் 14 ஈராக் வங்கிகளுக்கு டாலர் பரிவர்த்தனை கூடாது என்று அமெரிக்கா தடை போட்டது.

மத்திய வங்கியின் சுதந்திரம் காகிதத்தில் மட்டும்தானா?

முழுக்கக் காகிதம் என்று சொல்லமாட்டேன். 2003இல் கவர்னரான சினான் அல் ஷபீபி, ஐ.நா.வில் வேலை பார்த்த பொருளாதார நிபுணர், ஒன்பது வருஷம் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலத்தில் பணவீக்கம் அடங்கியது. மத்திய வங்கிக் கையிருப்பிலிருந்து அரசாங்கம் கடன் கேட்டபோது அவர் இசையவில்லை. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மத்திய வங்கி போன்ற சுதந்திர அமைப்புகள் நாடாளுமன்றத்தின் கீழ் அல்ல, அமைச்சரவையின் கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. 2012 அக்டோபரில் பன்னாட்டு நிதியக் கூட்டத்துக்காக ஷபீபி டோக்கியோவில் இருந்தபோது பாக்தாத்தில் அவருக்குக் கைது ஆணை பிறப்பித்துப் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

அந்நியர் எழுதிக் கொடுத்த சட்டத்தில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. ஷரத்து நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தொட்டால் கேட்க உள்ளூரில் ஆள் இல்லை.

வேறு நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறதா?

நிறைய. மேற்கு ஜெர்மனியில் 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து புது மார்க்கை இறக்கின. அதை வெளியிட்ட வங்கியையும் ஆக்கிரமிப்புப் படைகள்தான் நிறுவின. பின்னாளில் ஜெர்மானியர் தலையில் வைத்துக் கொண்டாடிய புண்டஸ்பாங்க் அதன் வாரிசு. அங்கே உள்ளூர் மக்கள் அதைத் தங்கள் சொத்தாக ஏற்றுக்கொண்டார்கள்.

மலாயாவில் நேர்மாறு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வாழைமரம் படம் போட்ட நோட்டை வரைமுறையில்லாமல் அடித்துவிட்டார்கள். ஜப்பான் சரணடைந்து பிரிட்டன் திரும்பியதும் அது செல்லாது என்றாகிவிட்டது. தோட்டத்தில் வேலை பார்த்த தமிழர்கள் உட்பட, வாழைமர நோட்டைச் சேர்த்து வைத்திருந்த எல்லார் கையிலும் மிஞ்சியது காகிதம்.

தினார் நோட்டு வாங்கி வைத்தால் பிற்பாடு கோடீஸ்வரர் ஆகலாம் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அமெரிக்காவில் இருபது வருஷமாக ஓடும் மோசடி இது, இப்போது வாட்ஸ்அப் வழியாக எல்லா மொழிக்கும் வருகிறது. "பழையபடி மூன்று டாலர் ஆகப்போகிறது" என்பதுதான் தூண்டில். அந்த மூன்று டாலர் விலைக்கு இருந்த தினார் வேறு, புழக்கத்தில் இருந்த அளவு வேறு. இன்று வெளியே இருக்கும் தினார் லட்சக்கணக்கான கோடிகளில். ஒவ்வொன்றுக்கும் மூன்று டாலர் கொடுக்க உலகத்து எண்ணெய் முழுவதையும் விற்றாலும் பற்றாது.

நோட்டிலிருந்து மூன்று பூஜ்யத்தை எடுக்கப்போகிறோம் என்று ஈராக் மத்திய வங்கி அவ்வப்போது பேசுவதையும் இவர்கள் காட்டுவார்கள். பூஜ்யத்தை எடுத்தால் உங்கள் 25,000 தினார் நோட்டுக்கு 25 புதுத் தினார் தருவார்கள். கடையில் அரிசி விலையிலும் மூன்று பூஜ்யம் போயிருக்கும். அதோடு, விற்கும்போது கூடுதல் விலை வைத்து உங்களிடம் தள்ளுபவர், திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கமாட்டார். நம்மூர் வங்கிக் கிளையிலும் வாங்கமாட்டார்கள்.